உணவகத்துச் சோற்றின் பெறுமானம்

விலை வேறு, பெறுமானம் வேறு என்பதை ஃபிக்ஹு நூலாசிரியர்கள் துல்லியமாகப் பிரித்துக் காட்டியிருக்கின்றனர். விற்பவரும் வாங்குபவரும் மனமொப்பி முடிவு செய்த தொகை ‘தமன்’ எனப்படும். அப்பொருள் சந்தையில் நியாயமாகப் பெறத்தக்க மதிப்பு ‘கீமத்’ எனப்படும். வேலூர், ஆம்பூர் வட்டாரத்தில் உருது பேசுவோர் கடைத்தெருவில் விலை கேட்பதற்கே ‘கீமத்’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். சொற்கள் இவ்வாறு ஒன்றோடொன்று கலப்பது இயல்பு. கலவை என்றே பெயர் கொண்ட ஊரில் வாழும் எனக்கு அதில் குறை காண உரிமையும் இல்லை. ஆயினும், உணவகத்தில் உண்டு எழும்போது “இந்தச் சோற்றுக்கு இவ்வளவா?” என்று நம் மனத்தில் எழும் கேள்விக்கு இவ்விரு சொற்களும் முழு விடை தருவதில்லை. உண்டவருக்கு அந்த உணவு என்னவாயிற்று என்பதும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றன்றோ?

விலையைக் கணக்கிடுதல் எளிது. ஆற்காட்டு நவாபுகளின் சமையற்கட்டிலிருந்து வந்தது என்று சொல்லப்படும் ஆம்பூர் பிரியாணியையே எடுத்துக் கொள்ளுங்கள். சீரகச் சம்பா அரிசி, இறைச்சி, காய்ந்த மிளகாய் விழுது, தயிர், விறகு, தட்டோரத்தில் வைக்கும் கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி, அரிசியைப் பதம் பார்த்து வடித்து, இறைச்சியோடு சேர்த்து, மூடிமேல் தணல் பரப்பித் தம்மில் வைப்பவரின் கூலி, கடை வாடகை, 2017 நவம்பர் முதல் பெரும்பாலான உணவகங்களில் நடைமுறையிலுள்ள 5 விழுக்காட்டு ஜி.எஸ்.டி. இவற்றைக் கூட்டி ஆதாயத்தையும் சேர்த்தால் விலை வந்துவிடும்.

அந்த ஒரே தட்டை மூவர் வாங்குவதாகக் கொள்வோம். ஒருவர் தோல் வாங்க வந்த வணிகர். பேச்சு முழுவதும் வியாபாரத்தைப் பற்றியது. கை கழுவும்போதே உண்டதை மறந்துவிடுகிறார். இன்னொருவர் விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவர். அவருக்கு நண்பர்களின் கூட்டமே உணவின் பாதிச் சுவை. மூன்றாமவர் இராணிப்பேட்டைத் தோல் ஆலையில் சுண்ணாம்புத் தொட்டியருகே வேலை செய்பவர். எத்துணை முறை கழுவினாலும் தோலின் வாடை அவர் கையை விட்டுப் போவதில்லை. வாரக் கூலி பெற்ற சனிக்கிழமை மாலையில் கடைக்கு வருகிறார். மூவரும் கல்லாவில் கொடுப்பது ஒரே தொகை.

பசிதான் வேறுபாடு என்று சொல்லிவிடலாம். எனக்கு அது போதவில்லை. ஏனெனில் மூன்றாமவர் பெரும்பாலும் உட்கார்ந்து உண்பதில்லை. பொட்டலம் கட்டச் சொல்லி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.

இவ்விடத்தில் விருந்து பற்றிய சட்டம் ஒன்றை நினைவுகூரலாம். விருந்தினர் முன் வைக்கப்படும் உணவு அவருக்கு உடைமையாகிவிடுவதில்லை. உண்பதற்கு அனுமதி கிடைக்கிறது, அவ்வளவே. இதனை ‘இபாஹத்’ என்பர். வலீமா விருந்தில் அமர்ந்தவர், தம் தட்டிலுள்ள இறைச்சித் துண்டை வாசலில் நிற்கும் ஏழைக்கு எடுத்துக் கொடுக்கவோ, வீட்டிலுள்ள பிள்ளைக்கு மடித்துச் செல்லவோ விருந்தளிப்பவரின் இசைவு வேண்டும். அவர் மனம் ஒப்புவார் என்றாவது உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்கிய உணவோ வாங்கியவரின் உடைமை. அவர் உண்ணலாம், பகிரலாம், பிறருக்குக் கொடுத்துவிடவும் செய்யலாம்.

வாரம் முழுதும் மேஸ்திரியின் ஏவலைக் கேட்டு நடந்த அந்த மனிதர், சனிக்கிழமை இரவு தம் வீட்டில் விருந்தளிப்பவராகிறார். பிள்ளைகள் பொட்டலத்தைச் சுற்றி அமர்கின்றனர். ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குச் சென்று, திரும்பியதும் மீண்டும் அடுப்படியில் நிற்பவர்கள். அத்தகைய தாய்க்கு அந்தப் பொட்டலம் அடுப்பு மூட்ட வேண்டாத ஒரு மாலைப் பொழுது. இதனை எந்த விலைப்பட்டியலில் எழுதுவது? கல்லாவின் முன் இரு நண்பர்கள் “நான்தான் கொடுப்பேன்” என்று ஒருவர் கையை ஒருவர் தள்ளி வழக்காடுவதைக் கண்டு நாம் சிரிக்கிறோம். அந்த வழக்கும் விருந்தளிப்பவர் யார் என்பதைப் பற்றியதே.

2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என வைத்தார்கள். இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். 1 ரூபாயால் அரிசியின் செலவும் ஈடாகாது, உண்மைதான். ஆயினும் அதைக் கொடுத்தவர் விலை கொடுத்து வாங்கியவர். அவரை எவரும் கையேந்தியவர் என்று சொல்ல இயலாது.

விலையையே நீக்கிவிட்டு, உண்டவர் மனம்போல் கொடுக்கட்டும் என்று விட்டால் என்னவாகும்? 1980களில் மலேசியா, சிங்கப்பூர் தமிழரிடையே தோன்றிய ‘அன்னலட்சுமி’ உணவகங்கள் அம்முறையைக் கைக்கொண்டன. 2005இல் வியன்னா நகரில் ‘டேர் வீனர் தீவான்’ என்னும் பாகிஸ்தானிய உணவகமும் அவ்வாறே தொடங்கியது. அதன் முதலிரண்டு ஆண்டுக் கணக்கைப் பொருளியலார் ஆராய்ந்தனர். ஒருவர் கொடுக்கும் சராசரித் தொகை சிறிது சிறிதாகக் குறைந்தது. ஆனால் உண்ண வருவோர் பெருகியதால் மொத்த வருவாய் உயர்ந்தது. ஒன்றுமே கொடாமல் போனவர் மிகச் சிலர். அமெரிக்காவிலோ, பனேரா என்னும் பெருநிறுவனம் 2010 முதல் நடத்திய இத்தகைய கடைகள் 2019க்குள் யாவும் மூடப்பட்டன.

சட்டப்படி இதில் ஒரு சிக்கல் உண்டு. பொருளின் அளவு சற்றுத் தெரியாமலிருப்பதை அறிஞர்கள் பொறுத்துக் கொண்டனர். குளியலறைக்குக் கட்டணம் செலுத்தி நுழைபவர் எவ்வளவு நீர் செலவிடுவார், தண்ணீர் சுமப்பவரிடம் காசு கொடுத்துக் குடிப்பவர் எவ்வளவு குடிப்பார் என்று தெரியாவிடினும் அவை செல்லும் என்பதை இமாம் நவவீ (ரஹ்) எடுத்துரைக்கிறார்கள். இன்றைய ‘பஃபே’ விருந்தை இதனோடு ஒப்பிடலாம். விலையே தெரியாத விற்பனையோ வேறு. அதனை அன்பளிப்புக்கு அன்பளிப்பு என்று பொருள் கொண்டாலன்றி ஏற்க வழியில்லை.

ஆனால் என் தயக்கம் சட்டத்தைப் பற்றியதன்று. ‘மனம்போல் கொடுங்கள்’ என்பது செல்வருக்கு இனிய சொல். பையில் 30 ரூபாய் மட்டும் வைத்திருப்பவருக்கோ அது சோதனை. எவ்வளவு கொடுத்தால் கௌரவம், பக்கத்து மேசைக்காரர் எவ்வளவு வைத்தார் என்ற எண்ணத்தில் அவர் வாயிலுள்ள கவளம் கசந்துவிடும். தாழ்ந்த, ஆனால் எழுதி ஒட்டப்பட்ட விலையே அவருக்கு நிம்மதி.

உண்பவருக்கு உணவு என்னவாகிறது என்பதை 2022இல் ஆம்பூரிலேயே கண்டோம். மாவட்ட நிர்வாகம் மே 13 முதல் 15 வரை பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்து, அதில் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு இடமில்லை என்றது. எதிர்ப்பு எழுந்தது. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளி வைக்கப்பட்டது. விலை குறைந்த அந்தப் பிரியாணி இவ்வட்டாரத்து உழைப்பாளர் பலரின் உணவு. ஊரின் பெயரால் நடக்கும் விருந்தில் தம் தட்டுக்கு இடமில்லை என்று கேட்டவர்கள் எவ்வாறு உணர்ந்திருப்பார்கள்!

இனி, சமைத்தவரின் பங்கு. பணியாள் உணவைக் கொண்டு வந்தால் அவரை உடன் அமர்த்துங்கள், இல்லையேல் ஓரிரு கவளமேனும் கொடுங்கள், அதன் சூட்டையும் சிரமத்தையும் பட்டவர் அவரே என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. உணவகத்தில் சமைத்தவரை நாம் பார்ப்பதே இல்லை. பரிமாறுபவருக்கு 10 ரூபாய் வைக்கிறோம். பெரிய உணவகங்களில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று சீட்டிலேயே எழுதிவிடுகின்றனர். இதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வகுத்த நெறிமுறைகளை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. சரியான தீர்ப்பு என்பேன். மனமுவந்து கொடுப்பதைக் கட்டாயமாக்கினால் அது கூலியாகிவிடும். கூலி கொடுப்பது முதலாளியின் கடமை. சில கடைகளில் கல்லாவருகே ஓர் உண்டியல் வைத்து, கடை அடைத்த பின் பங்கிட்டுக் கொள்கின்றனர். தேக்சா கழுவுபவருக்கும் அதில் பங்குண்டா என்று கேட்டறிந்த பின்னரே அதில் காசு போடுவது என் வழக்கம்.