கொசு உள்ளானும் கொல்லாமையும்

மதுரைச் சமவெளியின் கண்மாய்களில் மழை ஓய்ந்து தண்ணீர் வற்ற வற்ற, கரையோரம் ஈரச் சேறு தெரியும். அந்தச் சேற்றில் தலை நிமிராமல் கொத்திக்கொண்டே ஓடும் குருவியளவுப் பறவை கொசு உள்ளான். எடை சுமார் 25 கிராம்தான். அது முட்டையிடுவது வட ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியா வரை நீளும் தூந்திராவில். அங்கே அடிமண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. கோடையில் மேல்மண் மட்டும் இளக, உருகிய நீர் கீழே இறங்க வழியின்றிச் சதுப்பாகத் தேங்குகிறது. கொசுவும் பூச்சியும் கணக்கின்றிப் பிறக்கின்றன. உள்ளான் குஞ்சுகள் முட்டையை விட்டு வந்த சிறிது நேரத்திலேயே தாமே அந்த இரையைப் பொறுக்கத் தொடங்குகின்றன.

அந்த நிலத்தில் லெம்மிங் என்னும் எலியினம் மூன்று நான்கு ஆண்டுக்கொருமுறை பெருகிப் பின் சரிகிறது. அது பெருகிய ஆண்டில் பனிநரி அதைத் தின்று பசியாறும். சரிந்த ஆண்டில் நரி பறவைக் கூடுகளைத் தேடும். தெற்கே வரும் இளம்பறவைகள் குறையும்.

இத்தனை சாவுகளில் எது இம்சை? மாங்குளம், அரிட்டாபட்டி, கீழக்குயில்குடிக் குன்றுகளில் கற்படுக்கையும் கல்வெட்டும் சிற்பமும் விட்டுச் சென்ற சமணர்களின் மரபு இதை நுணுகி ஆராய்ந்திருக்கிறது. அம்மரபின் நூலான தத்துவார்த்த சூத்திரத்தின்படி, உயிர் போனது என்பதால் மட்டும் ஒரு செயல் இம்சை ஆகிவிடாது. கவனமற்ற மனம், சொல், உடலால் உயிருக்குக் கேடு செய்வதே இம்சை. பனிநரியும் வினைக்கு உட்பட்ட உயிர்தான். ஆனால் கொல்லாமை விரதத்தை முழுமையாக ஏற்று நடக்கும் பேறு மனிதப் பிறவிக்கே உண்டு என்பதால், கவனமின்மையின் பொறுப்பும் மனிதர்மேல் கூடுதலாக விழுகிறது.

இன்றைய தூந்திராவின் துயரம் இந்த வரையறைக்குள் அப்படியே அடங்குகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது. காற்றுமண்டலத்தில் உள்ளதைப்போல் சுமார் இரு மடங்கு கரிமம் வடபுலத்து உறைமண்ணில் புதைந்திருக்கிறது; மண் இளகினால் அதில் ஒரு பகுதி வெளியேறி வெப்பத்தை மேலும் கூட்டும். பனி முன்கூட்டியே உருகினால் பூச்சிகள் முந்திப் பிறந்துவிட, குஞ்சுகள் பிந்திவிடும் அபாயமும் உண்டு. எரிபொருளை எரித்து இந்த வெப்பத்தைக் கூட்டும் யாரும் உள்ளானைக் கொல்ல நினைக்கவில்லை. நினைக்காததுதான் இங்கே குற்றம்.

இல்லறத்தார்க்குச் சமணம் சலுகை தருகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், சமையலிலும் தொழிலிலும் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சையை அது பொறுக்கிறது. ஆனால் அதே இல்லறத்தார்க்குத் திக்விரதம் என்ற ஒன்றும் உண்டு. இன்ன திசையில் இன்ன எல்லைக்கு அப்பால் போவதில்லை என்று உறுதி எடுத்தால், அப்பால் உள்ள உயிர்களுக்கு அவர்களால் கேடில்லை. தமிழில் இல்லறத்தார் ஒழுக்கம் கூறும் அருங்கலச்செப்பு அறிந்த மரபு இது. நடப்பவரின் கால் எல்லையில் நின்றுவிடும். அவர் எரிக்கும் நிலக்கரியின் புகை நிற்பதில்லை. விரதத்தின் நோக்கம் தொலைவில் உள்ள உயிரைக் காப்பது என்றால், எரிபொருளைச் சுருக்குவதும் கண்மாய்ச் சேற்றில் கழிவு கொட்டாதிருப்பதும் அதற்குள்ளேயே வருகின்றன. தனியாக ஒரு விதி வேண்டியதில்லை.