வெண்ணெய்நல்லூர் வழக்கும் எமது வழக்குகளும்

வேலி எல்லை, ஒழுங்கைப் பாதை, அயலவர் பயிரை மேய்ந்த மாடு என்று எமது ஊர்களிலே பிணக்குகள் எழும்போது, விசாரிக்க முன்னரே "இன்னார்தான் செய்திருப்பார்" என்று கூறிவிடுகின்றோம். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே காட்டும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை அவ்வாறு செய்யவில்லை.

புத்தூரிலே சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய வேதியராக எழுந்தருளிய இறைவன், அவரைத் தமது அடிமை என்று வழக்கிட்டார். சுந்தரரோ ஓலையைப் பறித்துக் கிழித்துவிட்டார். கிழித்தவரிடம்தான் குற்றம் இருக்கும் என்று எவருக்கும் தோன்றும். ஆனால் சபையோர், ஆட்சி, ஆவணம், சாட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டும்படி வழக்கிட்டவரையே கேட்டனர். மூல ஓலை வந்தது. அதில் சாட்சிக் கையொப்பங்களும் இருந்தன. அத்துடனும் விடாது, சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்புநோக்கினர். அதன் பின்பே தீர்ப்பு. வழக்கிட்டவர் யாரென்று அவர்கள் அப்போது அறியார். (அறிந்திருந்தால் கேட்டிருப்பார்களோ என்னவோ!)

எமது நாட்டிலே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் எவரையும் குற்றவாளியென்று தீர்ப்பதில்லை. இருபகுதியாரையும் இணக்கப்படுத்த முயல்கின்றன. இணக்கம் ஏற்படாவிடின் அதற்குரிய சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம். அங்கும் வழக்குத் தொடுத்தவரே நிரூபிக்க வேண்டும். கோயில் வீதியிலும் தேநீர்க் கடையிலும் நாம் கூட்டுகின்ற சபைகளிலோ ஓலை கேட்பார் எவருமில்லை. "அவன்ரை தகப்பனும் அப்பிடித்தானே" என்ற ஒரு சொல்லே அங்கு ஆவணமும் சாட்சியுமாகி விடுகின்றது.