இல்லறத்தாரும் கடனும்

கடன் என்னும் தமிழ்ச்சொல் இரு பொருள் தருவது. செய்யவேண்டிய கடமையும் கடன். திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளும் கடன். திருநாவுக்கரசு சுவாமிகள் இறைவனுக்குப் பணி செய்து வாழ்தலையே தமது கடன் எனக் கொண்டார். தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் பிதிரர்களுக்கும் கடன்பட்டவனாகவே மனிதன் பிறக்கின்றான் என்று வேதம் கூறும். வேள்வியால் ஒன்று, ஓதுதலால் ஒன்று, மக்கட்பேற்றால் ஒன்று என அம்மூன்றும் தீரும். அவற்றுக்கு வட்டி இல்லை. தவணை தப்பினால் வாசலில் வந்து நிற்பாரும் இல்லை. நாலாவதாக ஒரு கடன் வந்து சேரும்போதுதான் இல்லறம் தடுமாறுகின்றது.

இந்த நாலாவது கடனைப் பற்றிக் கோயில் மலரில் எழுதுவதா என்று சிலர் எண்ணக்கூடும். பெரியபுராணத்தைப் படித்தவர்கள் அப்படி எண்ணமாட்டார்கள். அந்நூலின் தொடக்கத்திலேயே நிற்பது ஓர் எழுத்து ஓலையைப் பற்றிய வழக்குத்தான்.

புத்தூரிலே சடங்கவி சிவாசாரியாரின் மகளுக்கும் நம்பியாரூரருக்கும் திருமணம் நடக்க இருந்த வேளை. முதிய அந்தணர் ஒருவர் வந்து, "இவன் எனக்கு அடிமை, இவனுடைய பாட்டன் எழுதித் தந்த ஓலை என் கையில் உண்டு" என்று தடுத்தார். நம்பியாரூரர் சினந்து அந்த ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழித்துவிட்டால் தீர்ந்தது என்பது அவருடைய எண்ணம். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. அங்கேதான் முதியவர், கிழிக்கப்பட்டது படியோலை என்றும் மூலவோலை வேறாக இருக்கின்றது என்றும் சொல்லி அதை எடுத்து நீட்டினார். சபையார் அவசரப்படவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டு எழுத்தையும் ஒப்புநோக்கி, ஒன்றே என்று கண்ட பிறகே தீர்ப்புக் கூறினார்கள். வந்தவர் சிவபெருமான், அது அவர் தடுத்தாட்கொண்ட அருட்செயல். ஆயினும் சேக்கிழார் சுவாமிகள் அவ்வழக்கை எவ்வளவு நுணுக்கமாக நடத்திக் காட்டுகின்றார் என்பதைக் கவனிக்கவேண்டும். பாட்டன் இட்ட கையெழுத்து பேரனை மணப்பந்தலிலிருந்து எழுப்பிக் கொண்டுபோகின்றது. மூலம் எங்கே, படி எங்கே என்று தெரியாதவர் தோற்கின்றார். இறைவனிடம் தோற்பது பேறு. மனிதரிடம் தோற்றால் வளவு போய்விடும்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிய செய்தி அன்று. ஒல்லாந்தர் காலத்தில் 1707 ஆம் ஆண்டு கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்த தேசவழமையிலே ஒற்றிக்கும் அடகுக்கும் வட்டிக் கடனுக்கும் தனித்தனியே விதிகள் உண்டு. பெற்றோர் பட்ட கடனுக்கு ஆண்மக்கள் பொறுப்பாளிகள் என்றும், அப்போது கொடுக்க வசதி இல்லாவிடினும் அப்பொறுப்பு நீங்காது என்றும் அது கூறிற்று. ஒற்றியிலே காசு கொடுத்தவர் காணியின் பயனை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார். முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். பழைய ஆட்கள் ஒற்றிக்கு அஞ்சியது அதனால் அன்று. மீட்காமலே ஒரு தலைமுறை கழிந்துவிடும் என்பதால் அஞ்சினார்கள்.

இக்காலத்தில் ஒற்றியைவிடக் கொடியது ஒன்று நடக்கின்றது. காணியை ஈடு வைப்பதாக நினைத்து அறுதி உறுதியிலே ஒப்பம் இடுகின்றார்கள். "இது ஒரு பேச்சுக்கு, காசைத் தந்ததும் திருப்பி எழுதுவோம்" என்று வாய்ச்சொல் சொல்லப்படுகின்றது. வாய்ச்சொல் உறுதியில் இல்லை. கடன் கொடுப்பவர் அழைத்துச் செல்லும் நொத்தாரிசிடம் போகாமல், தனக்குத் தெரிந்த வேறொரு சட்டத்தரணியிடம் உறுதியை வாசித்துக் கேட்ட பிறகே கையொப்பம் இடவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களுக்கும் பங்குள்ள வளவு என்றால் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பிணைக்கு ஒப்பம் இடுவதும் இவ்வாறே. "சும்மா ஒரு கையெழுத்துத்தானே அண்ணை" என்று கேட்பவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் கட்டாவிட்டால் முழுக்கடனும் பிணையாளியுடையது; கேட்டவரின் நல்ல குணத்தை வங்கி கணக்கில் எடுக்காது.

திருவீழிமிழலையில் நடந்ததும் இங்கே நினைக்கத்தக்கது. பஞ்ச காலத்தில் அடியார்களுக்கு அமுதளிக்க அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாளொன்றுக்கு ஒவ்வொரு படிக்காசு அருளினார். அப்பருடைய மடத்தில் நேரத்துக்கு அமுது ஆயிற்று. சம்பந்தருடைய மடத்தில் பிந்திற்று. ஏன் என்று பிள்ளையார் விசாரித்தார். அவருக்குக் கிடைத்த காசு வாசிபட்டது, அதாவது வட்டம் கொடுத்தே மாற்றவேண்டியது, அதனால் கடையில் பண்டம் வாங்கச் சுணங்குகின்றது என்று அறிந்தார். பதிகம் பாடி வாசியில்லாத காசு பெற்றார். ஞானக் குழந்தையே காசின் வாசியைக் கேட்டறிந்தது என்றால், சம்சாரிகள் கேட்பதில் வெட்கம் என்ன?

இன்றைய வாசி வட்டிக்குள் ஒளிந்திருக்கின்றது. உதாரணமாக ஒருவர் 50,000 ரூபாய் வாங்குகின்றார். வருடத்துக்கு 28 வீதம் என்கிறார்கள். வட்டி 14,000, மொத்தம் 64,000, 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு ஏறக்குறைய 1,231 ரூபாய். கேட்க இலேசாகத்தான் இருக்கும். ஆனால் அந்த 50,000 முழு வருடமும் அவர் கையில் இருப்பதில்லை. முதற்கிழமை முதலே முதல் குறைந்து வருகின்றது. வட்டியோ தொடக்கத்தில் இருந்த முழுத்தொகைக்கும் அறவிடப்படுகின்றது. குறைந்துவரும் மீதிக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 50 வீதத்தைத் தாண்டும். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முன்கூட்டியே கழித்தால் இன்னும் ஏறும். மாதம் நூற்றுக்குப் பத்து என்று ஊருக்குள் வாங்குவது வருடத்துக்கு 120 வீதம். நாட்கணக்கில் ஓடும் மீற்றர் வட்டியைக் கணக்குப் பார்க்கவே பயமாக இருக்கும். ஒரே தடவையில் அறவிடும் வட்டி முதலுக்கு மேற்படலாகாது என்று மனுநூல் வரம்பு கட்டியது. அந்த வரம்பை இங்கே யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

2009 இல் யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபின் நிதி நிறுவனங்கள் வடக்குக்கு வரிசையாக வந்தன. மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, உழவு இயந்திரம் எல்லாம் லீசிங்கில் வந்தன. இடம்பெயர்ந்து திரும்பி, வீட்டுக் கூரையையும் கிணற்றையும் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களுக்குக் கையில் காசு தேவைப்பட்டது. கணவனை இழந்த பெண்களை ஐந்தாறு பேராகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணையாக நிறுத்தி நுண்கடன் கொடுத்தார்கள். பங்களாதேசத்தில் முகமது யூனுஸ் தொடங்கி 1983 இல் வங்கியான கிராமீன் முறையின் சாயல் அது. 2006 இல் அதற்காக நொபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் இங்கே வந்தபோது உருவம் இருந்தது, உள்ளம் மாறிப்போயிற்று. ஒருத்தி கட்டாத கிழமை மற்றவர்கள் அவள் வீட்டு முற்றத்தில் இருந்து அவளைப் பேசினார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது என்று போயிற்று. உயிரை மாய்த்தவர்களும் உண்டு. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, வருட வட்டி 220 வீதம் வரை போவதையும், அறவிட வருவோர் பெண்களிடம் முறைகேடாக நடப்பதையும் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட, மூன்று மாதம் தவணை தவறிய பெண்களின் நுண்கடனுக்கு அரசு நிவாரணம் அறிவித்தது. வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் சொல்லப்பட்டது. நாலு வருடம் கழித்து 2022 இல் நாடே கடனைக் கட்டமுடியாமல் நின்றது. அவ்வருடம் செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது, தீவகத்துப் பெண்களின் காப்பும் சங்கிலியும் எங்கே போயின என்பது அவரவர் வீட்டுக்குத் தெரியும்.

கடன் பட்டவரைப் பாவி என்று ஒதுக்குவது சைவம் அன்று. இளையான்குடிமாற நாயனாரும் கடன்பட்டவர்தான். செல்வம் சுருங்கிய பின்னும் கடன் வாங்கி அடியாருக்கு அமுதிட்டார். கடன் கொடுப்பார் இல்லாத நிலையும் வந்தது. மழை இரவிலே விருந்து வந்தது. அப்போது வழி சொன்னவர் மனைவியார். பகலில் விதைத்த முளைநெல்லை வாரி வரச்சொன்னார். வீட்டில் என்ன இருக்கின்றது, என்ன இல்லை என்பதை அம்மையார் முழுவதும் அறிந்திருந்தார். அதனால் வழி சொல்ல முடிந்தது. இக்காலத்து வீடுகளில் கணவர் பட்ட கடன் மனைவிக்குத் தெரியாது. மனைவி எடுத்த சீட்டுக்காசு கணவருக்குத் தெரியாது. இரண்டும் தெரியவரும் நாளில் வீடு இரண்டுபடும்.

ஆகவே கடனிலிருந்து மீள நினைப்பவர் முதலில் செய்யவேண்டியது ஒரு கொப்பி வாங்குவது. தீவகத்தார் கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்துப் பேர் எடுத்தவர்கள். கடைக்கு நாட்கணக்கு எழுதாமல் ஒருவரும் படுக்கைக்குப் போனதில்லை. அந்தக் கொப்பி வீட்டுக்கு மட்டும் வந்து சேரவில்லை. (கோயில் கணக்கில் ஐம்பது ரூபாய் பிசகினால் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுக் கணக்கை ஒரு தரமும் கேட்டிருக்கமாட்டார்கள்.) யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, எப்போது தவணை, எது அடகில், எந்தத் திகதிக்கு முன் மீட்கவேண்டும் என்று கணவனும் மனைவியும் கூட இருந்து எழுதவேண்டும். வயதுவந்த பிள்ளைகளும் இருக்கலாம். சாமத்தியச் சடங்குக்கு ஹோலும் வீடியோவும் வேண்டாம் என்று பிள்ளையே சொல்லக்கூடும்.

எழுதி முடித்ததும் எல்லாவற்றுக்கும் அடிப்படைத் தவணையைக் கட்டிக்கொண்டு, மிஞ்சுவதையெல்லாம் வட்டி கூடிய கடன் ஒன்றுக்கே போடவேண்டும். அது தீர்ந்தபின் அடுத்தது. கடனைக் கடனால் அடைப்பது பெரும்பாலும் குழியைத் தோண்டி மண் எடுத்துக் குழியை மூடுவது போன்றதே. விதிவிலக்கு ஒன்று உண்டு. நூற்றுக்குப் பத்து வட்டிக் கடனை, அரச வங்கியில் நகை அடகு வைத்தோ கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்கு வாங்கியோ முழுவதாக அடைத்துவிட்டு, பழைய இடத்துக்குத் திரும்பிப் போகாமல் இருந்தால் அது இலாபம். நகையைப் பல வருடம் வட்டி கட்டிக் கட்டியே வைத்திருப்பதைவிட, ஒரு பவுணை விற்று மற்றதை மீட்பது புத்தி. தாலிக்கொடியைத் தொட மனம் வராது, மற்றதைத் தொடலாம். தவணை தவறப்போகின்றது என்றால் ஒளிக்கக்கூடாது. முன்னதாகவே போய்த் தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேட்கவேண்டும். கட்டிய ஒவ்வொரு காசுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். அறவிட வருபவர் மரியாதை தப்பினால் பிரதேச செயலகத்திலும் பொலிசிலும் முறையிடலாம். அயலவருடனான பிணக்கு என்றால் மத்தியஸ்த சபை இருக்கின்றது.

கூட்டுறவு என்றதும் இளையவர்களுக்குச் சங்கக்கடை மட்டுமே நினைவில் வருகின்றது. ஜேர்மனியில் ரைபைசன் என்னும் கிராமத் தலைவர் வட்டிக்காரரிடமிருந்து உழவரை மீட்க 1860களில் வளர்த்த முறை அது; இலங்கையில் 1911 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமாக வந்தது. அங்கத்தவர் சேமித்த காசு அங்கத்தவருக்கே கடனாகின்றது. வட்டியும் ஊருக்குள்ளேயே நிற்கின்றது. சிக்கனக் கடனுதவு சங்கம் என்று பெயர் வைத்தவர்கள் சிக்கனத்தை முன்னுக்கும் கடனைப் பின்னுக்கும் வைத்தார்கள். மேலே சொன்ன 1,231 ரூபாயைக் கடன்காரருக்குக் கட்டி முடித்த வீடு, அந்தப் பழக்கத்தை நிறுத்தாமல் தன் பேரில் போட்டு வந்தால் அடுத்த வருடம் 64,000 ரூபாய் தன்னுடையது. சுகவீனத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் ஆரிடமும் கைநீட்டத் தேவையிராது.

கடைசியாகக் கோயிலைப் பற்றியும் சொல்லவேண்டும். திருவிழா வந்தால் உபயம் செய்யவேண்டும், போன வருடத்தைவிடக் குறையக்கூடாது, பக்கத்து உபயகாரர் வெளிநாட்டுக் காசில் செய்கின்றார் என்று கடன் வாங்கிச் செய்பவர்கள் உண்டு. நேர்த்திக்கடன் தீர்க்க வட்டிக்கடன் படுவது எந்த ஆகமத்திலும் இல்லை. திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடினார், கிடைக்கவில்லை. மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, நாள் பார்த்து, கோபுரமும் கிணறும் குளமும் மதிலும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சியிலே காடவர்கோன் தான் எடுத்த கற்கோயிலுக்கும் நாள் குறித்திருந்தான். இறைவன் அரசனின் கனவில் தோன்றி, அன்று தாம் பூசலார் கோயிலுக்குப் போவதாகவும் வேறு நாள் வைக்கும்படியும் சொன்னார். அரசன் திருநின்றவூருக்கு வந்து அந்தக் கோயில் எங்கே என்று கேட்டான், ஊராருக்குத் தெரியவில்லை.

வசதி குறைந்த உபயகாரர் அந்த ஆண்டு நாலு குடும்பமாகச் சேர்ந்து செய்யலாம். மேளக் கூட்டத்தை ஒன்றாகக் குறைக்கலாம். ஒரு அர்ச்சனையும் ஒரு படி மோதகமும் போதும் என்று நிர்வாகத்திடம் சொல்லலாம். சொல்லக் கூச்சப்படாமல் இருக்க, அதை முதலில் சொல்லவேண்டியவர்கள் நிர்வாக சபையாரும் குருக்களுமே.