தாயகம் என்பது யாது?

பிறந்த மண்ணை இழந்தவனுக்குத் தாயகம் என்பது யாது? விட்டுவந்த வீடா, வழிவந்த குருதியா, ஆற்றவேண்டிய கடமையா? இக்கால அரபுப் புனைகதையில் இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியவர்களுள் ஒருவர் பாலஸ்தீன எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி. 1936இல் அக்கா நகரில் பிறந்த அவர், 1948இல் குடும்பத்துடன் அகதியானார்; 1972இல் பெய்ரூட்டில் கார் குண்டுக்கு இரையானார்.

அவருடைய 'வெயிலில் மனிதர்கள்' 1963இல் வெளிவந்தது. பிழைப்புத் தேடிக் குவைத்துக்குச் செல்லும் பாலஸ்தீனர் மூவர், தண்ணீர் லாரியின் வெறுந்தொட்டிக்குள் ஒளிகின்றனர். எல்லைச் சாவடியில் அதிகாரிகளின் வீண்பேச்சால் காலம் கழிய, வெப்பத்தில் மூவரும் மாள்கின்றனர். அவர்கள் ஏன் தொட்டியைத் தட்டவில்லை என்று ஓட்டுநர் கதறுகின்றான். நாடற்றவனின் மௌனமே அவனுக்குக் கல்லறையாகிறது.

1969இல் வந்த 'ஹைஃபாவுக்குத் திரும்புதல்' இன்னும் கடினமானது. 1948ஆம் ஆண்டின் குழப்பத்தில் கைக்குழந்தையைப் பிரிந்த பெற்றோர், 1967 போருக்குப்பின் பழைய வீட்டைத் தேடிச் செல்கின்றனர். மகன் இருக்கிறான், ஆனால் யூதப் பெற்றோரால் வளர்க்கப்பட்டு, இஸ்ரேலியப் படைவீரனாக நிற்கிறான். தன்னை விட்டுச் சென்றது ஏன், இருபது ஆண்டுகள் மீட்க முயலாதது ஏன் என்று அவன் வினவுகிறான். வளர்த்தவளும் கொடியவள் அல்லள். ஐரோப்பாவில் நிகழ்ந்த யூதப் படுகொலையில் உற்றாரை இழந்தவள். ஆயினும் ஒருவர் பட்ட துயரம், பிறர் வீட்டைக் கொள்ளும் உரிமையாகிவிடுமா? ஆகாது என்பதே நாவலின் உட்கிடை.

அது சரியே. ஆனால், போராளிகளுடன் சேரவிடாமல் தான் தடுத்த இளைய மகன் இந்நேரம் சேர்ந்திருக்கக் கூடாதா எனத் தந்தை ஏங்கும் முடிவு நம்மைக் கலக்குகிறது. உடன்பிறந்தார் இருவர் எதிரெதிரே துப்பாக்கி ஏந்துவதுதான் தாயகத்தின் விலையா?

எமில் ஹபீபி வேறொன்றைக் காட்டினார். 1974இல் வந்த அவருடைய நாவலின் நாயகன், பிறந்த மண்ணிலேயே அந்நியனாக வாழ்கிறான். ஹைஃபாவில் தங்கியிருந்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கச் செய்தார் ஹபீபி. அகலாதிருப்பதும் ஓர் அறப்போரே.

வயிற்றுப்பாட்டுக்காக ஊர்விட்டு வந்த நாம் இவர்களோடு நம்மை ஒப்பிடலாகாது. விடுமுறைப் பயணச் சலுகையில் நாம் சொந்த ஊர் காண்கிறோம். அவர்களுக்கோ திரும்பும் வழியே அடைபட்டது. எனினும் ஒன்று கற்கலாம். தாயகம் என்பது நினைந்து அழுவதற்கு மட்டும் உரிய பொருள் அன்று. அடுத்த தலைமுறைக்கு நாம் செய்யும் கடமையால் நிலைபெறுவது. அக்கடமை, பிறன் ஒருவனை வீடற்றவனாக்காத வரையில்தான் அறமாகும்.