கலை என்றால் கேட்க வேண்டாமா?

நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தில் விளக்கைக் கட்டிவிட்டு, தூரத்தில் நின்று, போகிற வருகிறவர்களின் முகங்களைப் படமெடுத்தார் பிலிப் லோர்கா டிகோர்சியா. யாரையும் கேட்கவில்லை. 2001இல் ‘தலைகள்’ என்று காட்சிக்கு வைத்தார். பிரதி ஒன்று 20,000 டாலருக்குமேல் விலைபோனது.

அதிலிருந்த பெரியவர் ஒருவர் வைதீக யூதர். தன் உருவத்தை இப்படிப் பயன்படுத்துவது மதத்துக்கு விரோதம் என்று 2005இல் வழக்குப் போட்டார். மறு ஆண்டே தள்ளுபடி. கெடு தாண்டிவிட்டது என்பது ஒரு காரணம். அது கலை, வியாபாரமல்ல என்பது இன்னொன்று. கலை என்பதற்கு என்ன சாட்சி? எடுத்தவருக்குப் பேர் இருக்கு, காலரியில மாட்டியிருக்காங்க. பெரியவரின் முகத்துக்குச் சாட்சி சொல்ல யாருமில்லை.

படம் நல்ல படம்தான். இருட்டிலிருந்து எழும்பி வரும் அந்த முகம் என்னையும் நிறுத்துகிறது. கேட்டுவிட்டு எடுத்திருந்தால் அந்த முகம் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. தெருவில் படமெடுக்கத் தடை வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். தடை வந்தால் முதலில் பறிபோவது எளியவன் கையிலுள்ள கேமராதான்.

ஆனா ‘நல்லாயிருக்கா’ என்பது ஒரு கேள்வி, ‘நியாயமா’ என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலைக் காட்டி இரண்டாவதை மூடப் பார்க்கிறார்கள். எடுக்குமுன் கேட்க முடியாது, சரி. எடுத்த பிறகு நாலு எட்டு நடந்துபோய்க் கேட்டிருக்கலாமே?