இடைகழியில் ஓர் இடம்

உத்ஸவம் நிறைவுற்றதும் அடியார்களுள் பலர், வந்த வழியே இல்லம் திரும்ப மனமின்றி, பனமலையை நடுவாகக் கொண்டு சுற்றுப்புற க்ஷேத்ரங்களை ஸேவிக்க விழைவர். உடனே பட்டியல் எழுதப்படும். பூவரசன்குப்பம், பரிக்கல், சிங்கிரிகுடி ஆகிய மூன்று நரஸிம்ஹ ஸந்நிதிகளையும் ஒரே நாளில் ஸேவிக்கும் வழக்கமும் உண்டு. வண்டியில் எத்தனை பேர் அமரலாம், ஒரு பகலில் எத்தனை கோவில் ஆகும் என்று கணக்கிடுவர். அக்கணக்கில் முதலில் விடுபடுபவர் வீட்டுப் பெரியவரே. "அவரால் படியேற முடியாது, இல்லத்திலேயே இருக்கட்டும்" என்று ஒரு சொல் பிறக்கிறது. அவரும் மறுத்துப் பேசுவதில்லை.

இவ்விடத்தில் திருக்கோவலூர் வரலாற்றை நினைத்தல் தகும். நடுநாட்டுத் திவ்ய தேசங்கள் இரண்டனுள் ஒன்றாகிய அத்தலம் தென்பெண்ணைக் கரையில் உள்ளது. கச்சியில் அவதரித்த பொய்கையார், கடல்மல்லையில் அவதரித்த பூதத்தார், மயிலையில் அவதரித்த பேயார் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் அறியாதவராய், மழையும் இருளும் சூழ்ந்த ஓர் இரவில் அங்கே வந்து சேர்ந்தனர். ம்ருகண்டு மஹரிஷியின் ஆசிரமத்து இடைகழி, ஒருவர் படுப்பதற்கே போதுமான இடம். இரண்டாமவர் வரவே முன்னவர் எழுந்து அமர்ந்தார். மூன்றாமவர் வரவே மூவரும் நின்றனர். அந்நெருக்கத்தில்தான் நான்காமவனாக எம்பெருமான் புகுந்தருளினான். மூன்று திருவந்தாதிகளும் அங்கே பிறந்தன.

எம்பெருமான் விசாலமான மண்டபத்தைத் தேடவில்லை. பிறர்க்கு இடம் கொடுத்துத் தம்மை ஒடுக்கிக் கொண்டோர் நடுவே அவன் விரும்பி வந்தான். ஆயிரம் க்ஷேத்ரம் ஸேவித்தும், உடன் வரத் தவித்த ஒருவரை வாசலில் விட்டு வந்தோமாயின், அந்த இடைகழியின் பொருளை நாம் உணர்ந்தோமில்லை.

இதே பாடத்தை இப்பகுதிக் கற்களும் உரைக்கின்றன. மகேந்திரவர்ம பல்லவன் செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி மண்டகப்பட்டில் குடைவித்த கோவில், பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் ஒரே பாறையில் இடம் தந்தது. எண்ணாயிரத்தில் அழகிய நரஸிம்ஹப் பெருமாள் கோவிலை ஒட்டி, முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணாக்கர்க்கும் 14 ஆசிரியர்க்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. பெருமாளின் நிழலில் கற்பவர்க்கும் சோறு இருந்தது.

ஆகவே யாத்திரையை வகுப்போர் உடன் வருவோருள் தளர்ந்தவரின் நடையை முதற்கணக்காகக் கொள்ளக் கடவர். சிற்றூர்க் கோவில்களில் நடை திறக்கும் நேரத்தை அர்ச்சகரிடம் முன்னரே கேட்டறிதல் நலம். ஒரு நாளுக்கு ஓரிரு ஸந்நிதிகள் போதும். சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதனை ஸேவிக்கக் குன்றேற வேண்டும். அங்கே வெயிலுக்கு முன் செல்வது உத்தமம். பனமலையில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோவிலில், குடை நிழலில் கால் மடித்து நிற்கும் உமையின் வண்ண ஓவியம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் அழியாது எஞ்சியிருக்கிறது. அதனைத் தொடாது கண்டு மகிழ்தல் வேண்டும்.

மலையேற இயலாத முதியவர் அடிவாரத்தில் ஏரிக்காற்றில் அமர்ந்திருக்கட்டும். ஆனால் அவரருகே இளையவர் ஒருவரும் அமரட்டும். மேலே செல்லாத அவ்விளையவர்க்கு ஒரு தரிசனம் குறைந்ததாக எவரும் எண்ண வேண்டா. அவர் நின்ற இடமே இடைகழி. அங்கே நான்காமவன் வந்து நெருக்கத் தவறான்.

சுபம்.