தந்தை இட்ட பெயர்

மனிதன் இவ்வுலகில் பெறும் முதல் கொடை அவனுடைய பெயர். ஏழாம் நாள் அகீகா கொடுத்துக் குழந்தைக்குப் பெயர் சூட்டும் வழக்கமுடைய நமக்கு இதனைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெற்றோரின் அன்பும், அவர்கள் வந்த வழியின் நினைவும், மொழியும், மார்க்கமும் அந்த ஒரு சொல்லில் ஒருங்கே அமைந்து கிடக்கின்றன. பிழைப்பை நாடி அயல்நாட்டில் குடியேறிய குடும்பம் ஒன்று அப்பெயரை விட்டு வேறு பெயர் பூண நேரும்போது, அதனை அக்குடும்பத்தின் விருப்பம் என்பதா, அந்நாட்டின் வற்புறுத்தல் என்பதா? பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கடல் கடந்த நாடுகளில் வாழவிட்டிருக்கும் நம் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய வினா இது.

இதனை ஆராயப் புகும் நாம், முஸ்லிம்கள் துன்புற்ற வரலாற்றை முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் ஒரு நாட்டில் பிறர் துன்புற்ற வரலாற்றையே எடுத்துக்கொள்கிறோம். நமக்கே எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது திருமறையின் கட்டளை (4:135). ஆதலால் அங்கிருந்து தொடங்குவதே முறை.

இந்தோனேசியாவில் சீனர்கள் பல நூற்றாண்டுகளாகக் குடியேறி வந்துள்ளனர். சீனப் பெயரில் பொதுவாக மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது குலப்பெயர், ஏனைய இரண்டும் அவருக்கென இடப்பட்டவை. அவ்விரண்டில் ஒன்று உடன்பிறந்தார் அனைவருக்கும் பொதுவாக அமைவதும் உண்டு. ஆகவே, பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவர் எக்குலத்தவர் என்பது அவர்களுக்குள் விளங்கிவிடும். ஜாவா மக்களிடையே குடும்பப்பெயர் பொதுவாக இல்லை. சுகார்னோ, சுகார்த்தோ என ஒற்றைப் பெயரே அவர்களுக்குப் போதும்.

1965ஆம் ஆண்டின் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்கும், அதனைத் தொடர்ந்த படுகொலைகளுக்கும் பின்னர் ஜெனரல் சுகார்த்தோவின் கை ஓங்கியது. 1966 டிசம்பரில், சீனப் பெயர் தாங்கிய குடிமக்கள் அதனை மாற்றிக்கொள்வதற்குரிய நடைமுறையை எளிதாக்கி, 127ஆம் எண் கொண்ட அமைச்சரவை முடிவு ஒன்று வெளியாயிற்று. அது சொல்லளவில் கட்டாயமன்று. விரும்புவோருக்கு வழி திறந்துவிட்டது, அவ்வளவே. ஆனால் அதே காலத்தில் சீனமொழிப் பள்ளிகள் மூடப்பட்டன. 1967இல் சீனர்களின் சமயச் சடங்குகளும் விழாக்களும் வீட்டுக்குள் அடங்க வேண்டும் என்று குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்தது. சுற்றிலும் மதில் எழுப்பி, ஒரே ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்துவிட்டு, விருப்பமிருந்தால் இவ்வழியே வரலாம் என்று கூறுவதை எவ்வகை விருப்பம் என்போம்?

மாற்றிக்கொண்டவர்களோ தம் குலப்பெயரைப் புதிய பெயருக்குள் ஒளித்து வைத்தார்கள். லிம் குலத்தார் பலர் சலீம் என்றும் ஹலீம் என்றும் ஆயினர். தான் குலத்தார் சிலர் சுதாந்தோ என்று ஆயினர். பெரும் வணிகரான லியம் சியோ லியோங், சுதோனோ சலீம் என்று அறியப்பட்டார். நம் வீடுகளில் வாஞ்சையோடு அழைக்கப்படும் சலீம், ஹலீம் என்னும் பெயர்கள், அங்கே ஒரு குலத்தின் நினைவை மறைத்து வைக்கும் போர்வையாகப் பயன்பட்டிருக்கின்றன! தந்தையின் பெயரை முற்றாகத் துறக்க மனிதனின் உள்ளம் எளிதில் இசைவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவ்வாறு மாற்றியதால் அவர்கள் பெற்ற பயன் யாது? பெயர் மாறிய பின்னும், குடியுரிமையை மெய்ப்பிக்கும் தனிச் சான்றிதழை அலுவலகந்தோறும் காட்ட வேண்டிய நிலை நீடித்தது. 1998 மே மாதக் கலவரத்தில் ஜகார்த்தாவிலும் பிற நகரங்களிலும் சீனர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, புதிய பெயர் அவர்களைக் காக்கவில்லை. மறுபுறம், பெயரை மாற்றாமலே நின்றவர்களும் இருந்தார்கள். மனித உரிமைகளுக்காக வாதாடிய வழக்கறிஞர் யாப் தியம் ஹியன் அவர்களுள் ஒருவர். தம் சீனப் பெயருடனேயே 1999இல் பொருளாதாரத் துறையின் ஒருங்கிணைப்பு அமைச்சரானார் க்விக் கியான் கீ. நாட்டுப்பற்று பெயரில் இல்லை என்பதற்கு இவர்களே சான்று. 1967ஆம் ஆண்டின் ஆணையை 2000ஆம் ஆண்டில் நீக்கியவர் யார் என்பதையும் நாம் மறத்தலாகாது. நஹ்தத்துல் உலமாவின் தலைவராயிருந்து குடியரசுத் தலைவரான அப்துர்ரஹ்மான் வாஹிதே அவர். மார்க்கக் கல்வியில் ஊறிய ஒருவரே அந்த அநீதியைத் துடைத்தார்.

இனி, நம்மவர் துன்புறும் இடத்திற்கு வருவோம். பிரான்சில் புதிதாகக் குடியுரிமை பெறுவோர் தம் பெயரைப் பிரெஞ்சுப் பெயராக்கிக்கொள்ள 1972ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்கிறது. அங்கும் கட்டாயமில்லை. எனினும் 2010இல் வெளியான ஓர் ஆய்வு நம்மைச் சிந்திக்கச் செய்கிறது. செனகல் நாட்டு வழிவந்த இரு பெண்களின் பெயரில் வேலைக்கான விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. குடும்பப்பெயர் இருவருக்கும் தியூஃப் என்பதே, தகுதிகளும் நிகரானவை. ஒருத்தி மரீ, மற்றவள் கதீஜா. மரீக்குக் கிடைத்த அழைப்புகள், கதீஜாவுக்குக் கிடைத்தவற்றைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு! இங்கே ஆணை இல்லை, அச்சுறுத்தல் இல்லை. விண்ணப்பத்திற்கு மறுமொழி வருவதில்லை, அவ்வளவே. அந்த மௌனமும் வற்புறுத்தலே என்போம்.

“ஊருடன் கூடி வாழ் என்பதுதானே ஆன்றோர் வாக்கு? பெயரில் என்ன இருக்கிறது? ஈமான் உள்ளத்தில் இருந்தால் போதாதா?” என்று கேட்போர் உண்டு. இக்கேள்வியில் உண்மை இல்லாமலில்லை. முஸ்லிமின் பெயர் அரபுமொழியில்தான் அமைய வேண்டும் என்று மார்க்கம் விதிக்கவில்லை. வடமொழி வேர்கொண்ட பெயர்களோடு தொழுது நோன்பு நோற்கும் இந்தோனேசிய முஸ்லிம்கள் எத்தனையோ பேர். கீழக்கரை வள்ளல் ஷெய்கு அப்துல் காதிரின் பெயரைத் தமிழ் மக்களின் நா சீதக்காதி ஆக்கிற்று. அது அன்பினால் விளைந்த மாற்றம். எவரும் எவரையும் நெருக்கவில்லை. பெயர்கள் ஊருக்கேற்ப உருமாறுவது இயல்பே. ஆகவே பெயர் மாறுவதே தவறு என்பது நம் வாதமன்று.

அப்படியாயின் தவற்றை எவ்வாறு அறிவது? மாற்ற மறுப்பவருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் போதும். மறுத்தவரும் மாற்றியவரைப் போலவே உண்டு, உழைத்து, மதிப்புடன் வாழ முடியுமானால் அங்கே மாற்றம் விருப்பம். மறுத்தவர் வேலையையோ பள்ளியையோ பாதுகாப்பையோ இழப்பாரானால், சட்டம் எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் அது வற்புறுத்தலே.

நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வில் இதற்கு விளக்கம் காண்கிறோம். கரடுமுரடு என்று பொருள்படும் ஹஸ்ன் என்னும் பெயருடைய ஒருவரிடம், எளிமை என்று பொருள்படும் ஸஹ்ல் என்னும் பெயரைப் பெருமானார் முன்மொழிந்தார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்றார் அவர். அதன்பின் தம் குடும்பத்தில் கடுமை நீங்கவே இல்லை என்று அவருடைய பேரர் வருந்திக் கூறியதையும் ஸஹீஹ் புகாரி பதிவு செய்கிறது. அறிவுரை நல்லறிவுரையே, ஏற்றிருந்தால் அவருக்கே நலம். ஆயினும் அல்லாஹ்வின் தூதர் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தூதரே செலுத்தாத அதிகாரத்தை ஓர் அரசோ முதலாளியோ செலுத்துவது எங்ஙனம் முறையாகும்?

ஸைத் (ரலி) அவர்களின் வரலாறு இதனினும் ஆழமானது. அடிமையாக விற்கப்பட்ட அவரைப் பெருமானார் விடுதலை செய்து வளர்ப்பு மகனாக ஏற்றார்கள். தந்தை ஹாரிஸா தேடி வந்தபோதும் பெருமானாருடன் இருப்பதையே அவர் தேர்ந்தார். மக்கள் அவரை முஹம்மதின் மகன் ஸைத் என்றே அழைத்தனர். அதனினும் உயர்ந்த பெயர் எவருக்குக் கிட்டும்? எனினும், வளர்ப்பு மக்களை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழையுங்கள், அதுவே நீதிக்கு நெருக்கமானது என்னும் கருத்துடைய வசனம் (33:5) இறங்கிற்று. அவர் மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். தோழர்களுள் திருமறையில் பெயர் குறிக்கப்பெற்றவர் அவர் ஒருவரே. அளவற்ற அன்பும்கூட ஒருவரின் தந்தை பெயரை மறைக்க உரிமை பெறவில்லை. அன்பே பெறாத அந்த உரிமை, வெறுப்புக்கும் அலட்சியத்திற்கும் எங்கிருந்து வந்தது?

ஆயினும் பிள்ளைகளின் பசிக்கு அஞ்சி அயல்நாட்டில் பெயரை மாற்றிக்கொண்ட ஒரு தகப்பனை நாம் பழித்தலாகாது. பெயரைக் காப்பதும் கடமை. குடும்பத்தைக் காப்பதும் கடமை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று அவரை நிறுத்தியவர்களே குற்றவாளிகள். அவர் செய்யத்தக்கது ஒன்றுண்டு: பழைய பெயரையும், அதை இட்டவர் யார் என்பதையும் வீட்டினுள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல். லிம் குலத்தார் சலீமுக்குள் காத்தது அதைத்தான்.

கேட்பவருக்கும் கடமை உண்டு, அதுவே பெரிது. நம் ஊர்க் கடைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இன்று உழைக்கிறார்கள். அவர்களைப் பெயர் கேளாமலே வடக்கன் என்று அழைப்போர் நம்மிடையே இல்லையா? வாய்க்கு எளிதாக நாமே ஒரு பெயரை வைத்து அழைப்பதில்லையா? சமூகங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று இறைமறை கூறுகிறது (49:13). அறிதலின் முதற்படி பெயரைக் கேட்பது. பாரிஸில் கதீஜாவுக்கு நாம் கோரும் நீதியை, நம் கடையில் உழைக்கும் அயலூர் இளைஞருக்கு நாம் வழங்கியாக வேண்டும். அவருடைய தந்தை இட்ட பெயரைக் கேட்டறிந்து, பிழையின்றிச் சொல்லிப் பழகுவோமாக.